மூன்று ரூபாய்ச் சந்தா

உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் பூங்காவில், மே மாதத்து மலர்க்காட்சியைக் காண ஜனத்திரளோடு திரளாகச் சென்று, கண்ணாடி வீட்டையும் புல்வெளியையும் பார்த்துத் திரும்பும் பிரயாணிகளில் பெரும்பாலோர், அந்தப் பூங்கா பூவுக்காகப் பிறந்ததன்று, கறிகாய்க்காகப் பிறந்தது என்பதை அறியார். 1845-ஆம் ஆண்டில் அவ்வூரில் குடியிருந்த ஐரோப்பியர்கள் ஒன்றுகூடி, தங்கள் வீட்டுச் சமையலுக்கு நியாயமான விலையில் காய்கறி கிடைக்க வேண்டும் என்ற உத்தேசத்துடன் ஒரு தோட்டம் போட்டார்கள். அதன் செலவுக்காக மாதந்தோறும் மூன்று ரூபாய் சந்தா கட்டுவது, சந்தா கட்டியவர்கள் தோட்டத்தில் விளைந்ததைப் பெற்றுக்கொள்வது என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். இன்று சென்னையிலும் கோயமுத்தூரிலும் வாரத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலில் வந்து இறங்கும் காய்கறிப் பெட்டியை, ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த புது வழக்கம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. முன்பணம் கட்டி நிலத்தின் விளைச்சலில் பங்கு பெறும் அந்த முறை, நம் மலையொன்றில் ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. அந்தப் பரீட்சை நிலைக்காமல் போயிற்று. அது நிலைக்காமற் போனதன் காரணத்தை ஆராயப் புகுந்தால், சமையலறைக்கும் நிலத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியவை பல அதில் அடங்கியிருக்கின்றன.

கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் நீலகிரி மலைமேல் ஏறினார். சமவெளியின் வெயிலில் வாடிய அந்த இங்கிலீஷ்காரருக்கு, அங்கே வீசிய குளிர்காற்றும், புல் போர்த்த குன்றுகளும் தம் தாய்நாட்டையே நினைவூட்டின. அவர், இன்று உதகமண்டலம் எனப்படும் ஒத்தைக்கல்மந்தில் கல்வீடு கட்டிக் குடியேறி, ஏரி வெட்டுவித்து, ஐரோப்பியக் காய்களையும் பழங்களையும் பயிரிட்டு, உருளைக்கிழங்கு அந்த மண்ணில் செழித்து விளையும் என்பதை நிரூபித்தார். அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் பெரும்பாலும் உடல்நலம் தேடி மலையேறிய உத்தியோகஸ்தர்களும் சிப்பாய் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் ஆவர். கத்தரியும் வெண்டையும் முருங்கையும் தின்று சலித்துப்போன அவர்களுடைய நாவுக்கு, கோஸும் பட்டாணியும் டர்னிப்பும் வெறும் காய்களல்ல. பிறந்த ஊரின் சுவை. இந்த ஏக்கம் எளிதில் தணிவதாக இல்லை. 1878-இல் சென்னையிலிருந்து கொண்டு சமையல் நூல் எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட், சீமையிலிருந்து தகர டப்பாவில் அடைத்து வரும் பதார்த்தங்களை விருந்தில் வைத்துப் பெருமைப்படும் வழக்கத்தைக் கண்டித்து எழுத வேண்டியிருந்தது என்றால், அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் மலைமேல் இருந்தவர்கள் ஒரு கூடைப் பச்சைப் பட்டாணிக்காக மாதம் மூன்று ரூபாய் கொடுக்க முன்வந்ததில் வியப்பில்லை.

ஆனால் அவர்கள் தோட்டம் போட்ட மண், அதுவரை கறிகாய் என்பதையே பெரிதாக மதித்திராத மண். அந்த மலையில் வாழ்ந்த தோடர்கள் அக்காலத்தில் நிலத்தைக் கொத்தியதில்லை; எருமையும் பாலும் நெய்யுமே அவர்கள் வாழ்வாக இருந்தன. இன்றும் அந்தப் பூங்காவின் மேற்சரிவில் தோடர் மந்து ஒன்று இருப்பதைக் காணலாம். படுகர்கள் ராகியும் சாமையும் கோதுமையும் பார்லியும் பூண்டும் கடுகும் விளைத்தார்கள். கோத்தர்கள் அவர்களுக்கு அரிவாளும் மண்பாண்டமும் செய்து கொடுத்து, தானியம் பெற்றுக்கொண்டார்கள். தோடர் நெய்யும் அந்தப் பரிவர்த்தனையில் கலந்தது. காசு அதிகம் புழங்காத அந்த மலையில், கொடுப்பவனும் கொள்பவனும் ஒருவரையொருவர் முகமறிந்து, தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்து வாழ்ந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையின் பருவமோ தனி. உருளைக்கிழங்கு போடும் விவசாயி அங்கே ஆண்டைக் கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று மூன்றாகப் பகுத்துக்கொள்கிறான். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குப் பக்கத்தை அதிகமாக நனைக்கும். வடகிழக்குக் காற்றோ கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் கொட்டும். உதகை இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டிலும் பங்கு பெறும். மார்கழி, தை இரவுகளில் உறைபனி இறங்கினால் காலையில் புல்வெளி முழுதும் வெளுத்திருக்கும். அந்தப் பனியில் கோஸ் தாங்கும், பீன்ஸ் தாங்காது, உருளைக்கிழங்கின் தழை ஒரே இரவில் கருகிப்போகும். ஆகவே அந்த மண்ணிலிருந்து மாதம் தவறாமல் ஒரே அளவு காய்கறி வரும் என்று எதிர்பார்ப்பது, மலையின் சுபாவத்தை அறியாமல் செய்யும் கணக்கு.

மூன்று ரூபாய் மாதாமாதம் ஒரே அளவாக வரும். விளைச்சல் அப்படி வராது. ஒரே நாளில் நட்ட கோஸ் நாற்றெல்லாம் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தலை கட்டும். அந்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தின்று தீராத அளவு கோஸ் போகும். பிந்திய வாரத்தில் கூடையின் அடி தெரியும். மேலும், அவ்வூருக்கு வந்தவர்களில் பலர் கோடையில் ஏறி, வெயில் தணிந்ததும் இறங்கிவிடுகிறவர்கள். உண்பவர் மலைமேல் இருக்கும் காலம் ஒன்று, பயிர் முற்றும் காலம் ஒன்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்த வீடுகளின் சமையல் முறையிலேயே ஒரு தடை இருந்தது என்பது என் துணிபு. இறைச்சியை நடுவில் வைத்து, அதன் ஓரத்தில் அவித்த காயை வைத்து உண்ணும் போஜனத்தில், இன்ன நாளில் இன்ன காய் என்று எஜமானி முதல் நாளே பட்லரிடம் சொல்லிவிடுவாள். தோட்டம் அதற்கு ஏற்ப விளைய வேண்டும். விளைந்ததற்கு ஏற்பச் சமைப்பது என்ற எண்ணம் அங்கே இடம்பெறவில்லை. சீமையில் இருந்திருந்தால் மிஞ்சியதை ஊறுகாய் போட்டு வைக்கவும், கிழங்கை வைக்கோல் போட்டு மண்மூடிக் காக்கவும் அவர்கள் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். ஓரிரு கோடைக்கு வாடகை வீட்டில் தங்கிப் போகிறவர்களுக்கு அந்த வித்தைகளால் என்ன பிரயோஜனம்?

சந்தாத் தோட்டம் சரிவர நடவாமற் போகவே, 1847-இல், சென்னை கவர்னராக இருந்த டுவீடேல் பிரபுவின் ஆதரவில், அதைப் பொதுப் பூங்காவாக்க ஏற்பாடாயிற்று. மறு ஆண்டு லண்டனைச் சார்ந்த கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேர்ந்து, தொட்டபெட்டாவின் அடிச்சரிவைப் படிப்படியாக வெட்டித் திருத்தி, இன்று நாம் காணும் பூங்காவை உருவாக்கினார். 1860-இல் சின்கோனாக் கன்றுகளை அந்த மலையில் நட்டு வளர்க்கும் பெருங்காரியமும் அவரிடம் வந்தது. அவருடைய சரித்திரம் வேறு.

காய்கறியின் சரித்திரம் பூங்காவுக்கு வெளியே, படுகர்களின் மேட்டு நிலங்களில் தொடர்ந்தது. துரைமார் தோட்டத்தில் கண்ட உருளைக்கிழங்கையும் கோஸையும் அவர்கள் தங்கள் ராகி வயலில் போட்டுப் பார்த்தார்கள். சில தலைமுறைக்குள் அவையே அவர்களுக்குக் காசு தரும் பயிர்களாயின. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. 1899-இல் மலை ரயில் குன்னூருக்கும், 1908-இல் உதகைக்கும் ஏறியது. ஏறிய ரயில் துரைமாரைக் கொண்டுபோயிற்று. இறங்கிய சரக்கு காய்கறி. மேட்டுப்பாளையத்து மண்டிகளில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு ஏலம் போயிற்று. தரகர்களின் பிடியிலிருந்து விவசாயியை மீட்பதற்காக 1935-இல் நீலகிரிக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஸ்தாபிக்கப்பட்டது. சந்தாத் தோட்டம் நாடிய நியாய விலையை, இந்தத் தடவை உண்பவர் நாடவில்லை, விளைப்பவர் நாடினார். 1961-இல் கிழங்கின் வேரைத் தின்னும் முட்டைக்கூட்டு நூற்புழு உதகைப் பக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டதும், தேயிலை மேலும் மேலும் பரவியதும் பிற்காலத்துக் கதைகள்.

மலையிலிருந்து இறங்கிய இந்தக் காய்களைச் சமவெளித் தமிழர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம். அவர்கள் துரைமாரின் சமையலைக் கற்றுக்கொள்ளவில்லை. காயை மட்டும் வாங்கிக்கொண்டு, அதைத் தங்களுடைய பழைய முறைக்குள் உட்கார வைத்தார்கள். கொத்தவரங்காய்க்கு உரிய பருப்பு உசிலியைப் பாருங்கள். துவரம்பருப்பும் சிறிது கடலைப்பருப்பும் ஊற வைத்து, மிளகாய் வற்றலும் பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் ஆவியில் வேகவிட்டு, ஆறியதும் விரலால் உதிர்த்து, கடுகு தாளித்த எண்ணெயில் புரட்டி, தனியே வேகவைத்த காயை அதிலே சேர்த்துப் பிரட்டி எடுக்கிற அந்தப் பக்குவத்தில், கொத்தவரையின் இடத்தில் பீன்ஸ் வந்து அமர்ந்தபோது, செய்முறையில் ஓர் அணுவும் மாறவில்லை. புடலையும் சுரையும் இருந்த கூட்டில் சௌசௌ நுழைந்தது. முள்ளங்கி மிதந்த சாம்பாரில் நூக்கல் மிதந்தது. கோஸுக்குத் தேங்காய்த் துருவலும் பச்சை மிளகாயும் கிடைத்தன. உருளைக்கிழங்கு பொடிமாஸாயிற்று, ரோஸ்டாயிற்று. சமையல் முறை உறுதியாக இருந்ததால் காய் மாறினாலும் வீடு கலங்கவில்லை.

ஓர் இடத்தில் மட்டும் அவற்றுக்கு அநுமதி இல்லை. வைதிக ஆசாரம் வழுவாத குடும்பங்களில் சிராத்தச் சமையலுக்கு உருளைக்கிழங்கும் கோஸும் காரட்டும் பீன்ஸும் ஆகா. தக்காளியும் மிளகாயும் கூட ஆகா. வாழைக்காய், பாகல், அவரை, புடலை, கொத்தவரை, சேம்பு, பிரண்டை, காரத்துக்கு மிளகு என்று அந்த அடுப்பு பழைய காலத்திலேயே நிற்கிறது. மிளகாய் போர்த்துகீசியர் கொண்டுவந்தது, அதற்கு முன் நம் முன்னோர் உண்டது இன்னது என்று அறிய விரும்புகிற சரித்திர மாணாக்கன், ஏட்டைத் தேடுவதோடு அந்தத் தளிகையின் இலையையும் பார்க்க வேண்டும். பித்ருக்களின் பெயரால் ஒரு காலத்தின் காய்கறிப் பட்டியல் முழுதும் சிதையாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை மூடப் பழக்கம் என்று தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை.

உதகையில் நிலைக்காத சந்தா முறை, 126 ஆண்டுகளுக்குப் பின் ஜப்பானில் நிலைத்தது. மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீனில் கலந்து, அதை உண்டவர்களின் நரம்பைக் குலைத்த கொடுமை 1956-இல் வெளியாயிற்று. நச்சுக் கலந்த உணவைப் பற்றிய பயம் வீடுதோறும் பரவிய காலத்தில், கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய இச்சிராக்கு தெருவோ என்பவர் முன்னின்று, 1971-இல் ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தை ஏற்படுத்தினார். 1974-இல் அரியோஷி சவாக்கோ என்ற நாவலாசிரியை, பூச்சிமருந்தும் இரசாயனங்களும் ஒன்றோடொன்று கூடி விளைக்கும் கேட்டைப் பற்றி அசாஹி பத்திரிகையில் தொடராக எழுதியபோது, அதைப் படித்த பட்டணத்துத் தாய்மார் கிராமத்து விவசாயிகளைத் தேடிப் போனார்கள். இவ்வாறு பிறந்த ‘தெய்க்கெய்’ என்னும் ஏற்பாட்டுக்கு 1978-இல் பத்து விதிகள் வகுக்கப்பட்டன. என்ன பயிரிடுவது என்பதை இருவரும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். விலையை ஒருவர் நிலைமையை மற்றவர் உணர்ந்து நிர்ணயிக்க வேண்டும். சரக்கைத் தரகரிடம் விடாமல் தாங்களே கொண்டுசேர்க்க வேண்டும் என்பவை அவற்றுட் சில. எல்லாவற்றிலும் முக்கியமானது, விளைந்தது முழுவதையும் உண்பவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற விதி.

அந்த ஒரு விதியின் பாரம் முழுவதும் சமையலறையின் மேல் இறங்கிற்று. குளிர்காலத்தில் விவசாயியின் வண்டி தெருமுனையில் வந்து நிற்கும். சுற்றுவட்டாரத்துப் பெண்கள் கூடித் தங்களுக்குள் பங்கு போடுவார்கள். வாரம் தவறாமல் மண்ணோடும் தழையோடும் பெருமுள்ளங்கி வரும். அடுத்த வாரமும் வரும். அதன் தழையைப் பொடியாக அரிந்து, எள்ளும் சோயாச் சாறும் விட்டு வதக்கினார்கள். கிழங்கைக் கனத்த வட்டங்களாக நறுக்கி, மெதுவாக வேகவைத்து மிசோ தடவி உண்டார்கள். சீவிய தோலைக்கூட மெல்லிய குச்சிகளாக்கி எண்ணெயில் வதக்கினார்கள். மீந்ததைக் கீற்றுகளாக்கி வெயிலில் உலர்த்தினார்கள், அல்லது முழுதாக வாட்டித் தவிட்டிலும் உப்பிலும் புதைத்து வைத்தார்கள். இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல; அவர்களுடைய பாட்டிமார் கிராமத்தில் செய்தவை. களை எடுக்கும் பருவத்தில் அந்தப் பட்டணத்துப் பெண்களில் பலர் வயலுக்கே போய் உதவினார்கள். அப்படிக் களை பறித்த கை, அந்த வயலிலிருந்து வந்த வளைந்த வெள்ளரிக்காயை வேண்டாம் என்று ஒதுக்காது. இதைப் போலவே, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து சவுத் எக்ரிமான்ட் என்னும் ஊரில் ராபின் வான் என் என்ற அம்மையாரின் நிலத்தில் 1980-களின் நடுவில் தொடங்கிய பங்கு முறை, முதலில் ஆப்பிள் பழத்தையும், பிறகு காய்கறியையும் பங்கிட்டது. அங்கிருந்து அந்த நாடெங்கும் பரவிற்று.

கிடைத்ததைக் கொண்டு சமைப்பது என்ற இந்த நெறிக்கு நாம் ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில், மதுரை ஆயர்பாடியில் மாதரி என்ற இடைக்குல மூதாட்டியின் அடைக்கலத்தில் கண்ணகி தங்கியபோது, மாதரி சொல்ல, இடைக்குலப் பெண்கள் சமையலுக்கு வேண்டிய பாத்திரங்களோடு பலாக்காய், வரியுள்ள வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், செந்நெல் அரிசி, பால் என்று தங்களிடம் இருந்தவற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பெருஞ்செல்வர் வீட்டில் பிறந்தவள், தான் கேளாத காய்களைத் தன் முன் வைத்துக்கொண்டு அமர்கிறாள். மாதரியின் மகள் ஐயை வைக்கோல் தீ மூட்டித் தர, வளைந்த அரிவாளால் காய்களை அரிந்து அரிந்து கண்ணகியின் மெல்விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையில் கண் சிவக்கிறது. அவள் எந்தக் காயையும் மறுத்ததாகவோ வேறு கேட்டதாகவோ இளங்கோவடிகள் சொல்லவில்லை. கைக்குப் பழகிய திறத்தினால் சமைத்து, கணவனைப் பனையோலைத் தடுக்கில் இருத்தி, வாழைக்குருத்தில் பரிமாறுகிறாள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்களில் கவி விரித்துக் காட்டும் கடைசி உணவு அதுவே. என்றாலும், அந்தக் காய்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்த கவியின் கருணையை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

நம் சமையலில் பெரும்பகுதி, மிகுதியையும் பற்றாக்குறையையும் சமாளிக்கப் பிறந்ததே. தைப் பொங்கலுக்கு அவரை, மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சேம்பு, சிறுகிழங்கு என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும்போது, ஒன்றும் ஒரு பொரியலுக்குப் போதாது. எல்லாம் சேர்ந்தால் ஒரு கூட்டுக்குப் போதும். பங்குனி, சித்திரையில் கொத்தவரை கொட்டிக் கிடந்தால் உப்புநீரில் அரைவேக்காடாக வேகவைத்து வத்தல் போடுவோம். சுண்டையையும் மணத்தக்காளியையும் மோரில் ஊறவைத்து ஊறவைத்துக் காயப்போடுவோம். அடைமழையில் சந்தை கூடாத நாளில் அவை வத்தக்குழம்பாகும். பீர்க்கங்காயின் தோலே துவையலாகிறது. இந்த முறைகளை அறிந்த வீட்டுக்குப் பெட்டியில் எது வந்தாலும் பயமில்லை.

ஆகையால், இக்காலத்தில் நம் நகரங்களில் பெட்டி அனுப்பும் விவசாயிகளுக்கும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மூன்றாம் வாரமும் சுரைக்காய்தானா என்று வீட்டில் முகம் சுளிக்கும்போது, அந்த வீட்டைத் தாங்கள் இழந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்கள் உணர வேண்டும். சுரைக்காய் மிகும் வாரத்தில் அதன் கூட்டுக்கும் அடைக்கும் மோர்க்குழம்புக்கும் உரிய பக்குவத்தை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காயோடு வைத்து அனுப்பட்டும். கொத்தவரை குவியும் மாதத்தில் வத்தல் போடும் முறையைச் சொல்லட்டும். முள்ளங்கியின் இலையை வயலிலேயே வெட்டி எறியாமல் அதோடு சேர்த்துக் கட்டட்டும். பாசிப்பருப்போடு அதைச் சுண்டத் தெரிந்த பாட்டிமார் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.